ஒரே பொன்னி, வேறு வேறு சாதம்: நெல்லின் தரம் எங்கே முடிவாகிறது?

செப்டம்பர், அக்டோபர் வந்தால் காவிரி டெல்டாவிலிருந்து ஆண்டுதோறும் ஒரே செய்தி வருகிறது. குறுவை நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் குவிந்து கிடக்கிறது; மழை பிடித்துக்கொண்டது; ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது; வரம்பைத் தளர்த்தும்படி மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறது. நகரத்து வீடுகளில் வேறொரு புலம்பல். போன மாதம் வாங்கிய அதே பொன்னி, அதே கடை, அதே தண்ணீர் அளவு. இந்த மூட்டை மட்டும் ஏன் குழைகிறது?

இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். ஒன்று களத்தில் தெரிகிறது, மற்றது உலையில். நெல்லின் தரத்தை எது தீர்மானிக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் "ரகம்" என்பார்கள். பாதி சரி. ஒரு மணி எவ்வளவு நல்லதாக வரலாம் என்ற உச்சத்தை ரகம் வைக்கிறது. மணி அந்த உச்சத்தை எட்டுமா என்பதை முடிவு செய்வது, கதிர் பூத்ததிலிருந்து அறுவடை வரையிலான ஏறக்குறைய முப்பது நாளில் அந்த வயல் கண்ட பகல், இரவு, மழை. அதற்குப் பிறகு களத்திலும் ஆலையிலும் நடப்பவை கிடைத்த தரத்தைக் காப்பாற்றும், அல்லது கெடுக்கும். புதிதாகக் கூட்டுவது அரிது. (புழுங்கல் இதற்கு ஒரு விதிவிலக்கு. அதற்குப் பின்னால் வருவோம்.)

தரம் என்று யார் எதைச் சொல்கிறார்கள்

"நல்ல நெல்" என்று ஆலைக்காரர் சொல்வதும் கடைக்காரர் சொல்வதும் சமைப்பவர் சொல்வதும் வேறு வேறு.

1. அரைவைத் தரம். 100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமியாகப் போகும், 8 முதல் 10 கிலோ தவிடாகப் போகும், 70 கிலோவை ஒட்டி அரிசி நிற்கும். அந்த அரிசியில் உடையாத முழு மணி எவ்வளவு, குருணையும் நொய்யும் எவ்வளவு? ஆலைக்காரரின் லாப நஷ்டம் இந்த ஒரு கேள்வியில்தான். இரண்டு லோடு நெல் ஒரே எடையில் அரிசி கொடுக்கலாம். ஒன்றில் முழு அரிசி அதிகம், மற்றதில் நொய் அதிகம் என்றால் இரண்டின் மதிப்பும் ஒன்றல்ல.

2. தோற்றம். நீளம், அகலம், நிறம், கண்ணாடி போன்ற தெளிவு. அரிசியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் சில மணிகளில் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளைத் திட்டு தெரியும். மணியின் வயிற்றுப் பக்கம் தெரிந்தால் அது வெள்ளை வயிறு. சில மணிகளில் திட்டு நடுவில் இருக்கும்.

3. சமையல் தரம். உதிரியாக வருமா, ஒட்டுமா, வெந்தபின் நீளுமா, ஆறியதும் விறைக்குமா, மணக்குமா.

சத்து நான்காவது. அதில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுவதால் அது எவ்வளவு தீட்டுகிறோம் என்ற கேள்வியாகிவிடுகிறது. இங்கே அதை விட்டுவிடலாம்.

மணிக்குள் என்ன இருக்கிறது

தீட்டிய அரிசியிலிருந்து ஈரத்தைக் கழித்துவிட்டால் மீதியில் பத்தில் ஒன்பது பங்கு மாவுச்சத்து. புரதம் 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அரிசியின் குணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த மாவுச்சத்தின் குணம்தான். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது, அமைலோஸ். மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறு உண்டு. அமைலோபெக்டின் மரம் போலக் கிளை விட்டது. அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீண்ட சங்கிலி. அமைலோஸ் மாவுச்சத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அது ஒட்டரிசி. லாவோஸிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் கையால் உருட்டிச் சாப்பிடுகிறார்களே, அது. 10 முதல் 20 வரை குறைந்த அளவு, ஜப்பானிய அரிசி இந்தப் பிரிவு. 20 முதல் 25 வரை நடுத்தரம்: சாதம் உதிரும், ஆறினாலும் மெத்தென்று இருக்கும். 25க்கு மேல் போனால் சூடாக இருக்கும்வரை நன்றாக உதிரும், ஆறினால் விறைத்துவிடும். சாம்பாரும் ரசமும் ஊற்றிப் பிசைகிற நமக்கு 20க்குக் கீழே பிடிக்காது.

இரண்டாவது, மாவுச்சத்து தண்ணீரை இழுத்து இளகும் வெப்பநிலை. ரகத்தைப் பொறுத்து இது 55 முதல் 79 டிகிரி செல்சியஸ் வரை மாறும். 70க்குக் கீழே என்றால் சீக்கிரம் வேகும். 74க்கு மேலே என்றால் அதிகத் தண்ணீரும் அதிக நேரமும் கேட்கும். ஆய்வுக்கூடத்தில் இதை அடுப்பில்லாமலே கண்டுபிடிக்கிறார்கள். சில மணிகளை 1.7 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 23 மணி நேரம் போட்டுவைத்தால், சீக்கிரம் இளகும் அரிசி கரைந்து பரவியிருக்கும். பிடிவாதக்கார அரிசி போட்டபடி கிடக்கும்.

மூன்றாவது, துகள்களின் நெருக்கம். மாவுச்சத்து மணிக்குள் சிறு துகள்களாக அடுக்கப்பட்டிருக்கிறது. நெருக்கமாக அடுக்கியிருந்தால் ஒளி ஊடுருவிப் போகும், மணி தெளிவாக இருக்கும். இடையில் காற்று இருந்தால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரியும். ஐஸ் கட்டி தெளிவாகவும் சுரண்டிய ஐஸ் வெள்ளையாகவும் இருப்பதற்கும் இதுதான் காரணம். வெள்ளைத் திட்டு உள்ள இடம் மணியின் பலவீனமான இடமும்கூட. ஆலையில் தீட்டும்போது அங்கேதான் உடையும்.

அமைலோஸும் இளகும் வெப்பநிலையும் பெரும்பாலும் ரகத்தின் கையில் இருக்கின்றன. துகள்களின் நெருக்கத்தில் வானிலையின் கை ஓங்குகிறது.

ரகம் போடும் எல்லை

பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. விளைச்சல் கொட்டியது. ஆனால் மணியில் வெள்ளை வயிறு, ஆலையில் உடைசல், அமைலோஸ் அதிகம் என்பதால் சாதம் ஆறியதும் விறைப்பு. நல்ல உரம், நல்ல தண்ணீர் எதுவும் அதைச் சரிசெய்யவில்லை. அது ரகத்தின் உள்ளேயே இருந்த குறை. அதே நிறுவனத்தின் ஐ.ஆர்.64 வந்த 1985 வரை, விளைச்சலையும் சாப்பாட்டுத் தரத்தையும் ஒரே செடியில் சேர்ப்பது பெரிய போராட்டமாகவே இருந்தது.

நம் பக்கத்துக் கதை கொஞ்சம் சுவையானது. ஆத்தூர் கிச்சிலிச் சம்பாவிலிருந்து கோயம்புத்தூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம் ஜி.இ.பி. 24. அக்காலத்து அரசுத் தாவரவியல் அதிகாரியின் பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள்தான் ரகத்தின் பெயர். 1921இல் வெளிவந்தது, சன்ன மணிக்குப் பெயர் பெற்றது. இதையும் தைவானின் குட்டை ரகமான தைச்சுங் நேட்டிவ் 1ஐயும் சேர்த்து, அதோடு மசூரியைக் கலந்து, ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவாக்கியது பி.பி.டி. 5204. 1986இல் வெளியானது. சம்பா மசூரி என்பது அதன் முறையான பெயர். தமிழ்நாட்டுக் கடைகளில் "ஆந்திரா பொன்னி" என்று போகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மசூரி மலேசியாவிலிருந்து வந்த ரகம். தைச்சுங் 65 என்ற ஜப்பானிய வகை நெல்லும் மாயாங் எபோஸ் 80 என்ற மலாய் நெல்லும் அதன் பெற்றோர். அந்த மசூரியைத்தான் தமிழ்நாடு "பொன்னி" என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. ஆக, ஆந்திரா பொன்னிக்குப் பொன்னி என்று பேர் வைத்தது முழுப் பொய் அல்ல, உறவு இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நெல் அல்ல. மூட்டையில் அச்சிட்ட "பொன்னி" இன்று ரகத்தின் பெயர் என்பதைவிட மணியின் உருவத்துக்கான பெயர் என்பதே சரி.

ரகம் எவற்றை உறுதியாக முடிவு செய்கிறது?

1. நீள அகலத்தை. உமியின் கூடு பூப்பதற்கு முன்பே உருவாகிவிடுகிறது. அரிசி அந்தக் கூட்டுக்குள்தான் வளர முடியும். எவ்வளவு உரம் போட்டாலும் குண்டு நெல் சன்னமாகாது. பி.பி.டி. 5204இன் ஆயிரம் மணி 14, 15 கிராம்தான் இருக்கும், குண்டு ரகமான சி.ஆர். 1009 என்றால் 23 கிராமை ஒட்டி வரும்.

2. அமைலோஸ் எந்தப் பிரிவில் வரும் என்பதை. நெல்லின் 6ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுதான் இதன் சாவி.

3. மணம் உண்டா இல்லையா என்பதை. பாசுமதிக்கும் சீரகச் சம்பாவுக்கும் மணம் தரும் முக்கியப் பொருள் 2-அசிட்டைல்-1-பைரோலின். இலங்கைச் சமையலில் போடும் ரம்பை இலையின் வாசமும் இதேதான். மணமுள்ள ரகங்கள் பலவற்றில் 8ஆம் குரோமோசோமில் ஒரு மரபணு பழுதாகியிருக்கிறது. அந்தப் பழுதால்தான் இந்தப் பொருள் மணியில் சேர்கிறது. பழுதே வரமாகிவிட்ட சில இடங்களில் இதுவும் ஒன்று.

மணம் உண்டு என்று ரகம் சொல்லிவிடும். எவ்வளவு என்று சொல்லாது. பாசுமதிக்கு மணி முற்றும் காலத்தில் குளிர்ந்த இரவு வேண்டும். இமயமலை அடிவாரச் சமவெளியில் அது அக்டோபரில் கிடைக்கிறது. புவிசார் குறியீடு பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதி போன்ற இடங்களோடு நின்றுபோனதற்குப் பின்னால் வியாபாரம் மட்டுமல்ல, இந்த இரவுகளும் இருக்கின்றன. அதே விதையைத் தெற்கே கொண்டுவந்து வெயில் பருவத்தில் விளைவித்தால் நீண்ட மணி வரும், வாசம் மங்கிப்போகும்.

பூத்த பிறகு முப்பது நாள்

நெற்பூ காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் திறந்து, கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாகச் சேராது, மணி பிடிக்காமல் பதராகிவிடும். இது விளைச்சல் இழப்பு, கண்ணுக்குத் தெரியும். தரத்தின் இழப்பு அதற்குப் பிறகு ஓசையில்லாமல் நடக்கிறது.

பூத்த சில நாளில் மணியை நசுக்கினால் வெள்ளைப் பால் வரும். பிறகு அது இறுகி மாவாகும். அப்புறம் முற்றும். இலையும் தண்டும் சேர்த்துவைத்த சர்க்கரை மணிக்குள் போய் மாவுச்சத்தாக மாறும் காலம் இது. கதிரின் உச்சியில் உள்ள மணிகள் முதலில் பூத்து முதலில் நிரம்பும். அடியில் உள்ளவை நாள் கழித்துப் பூத்து, மிஞ்சியதைக் கொண்டு நிரம்பும். ஒரே கதிரிலேயே முதல்தர மணியும், பாதி நிரம்பிய கருக்காயும் இருப்பது இதனால்தான்.

வெப்பம் அதிகமானால் நடப்பது இது:

1. மணி வேகமாக நிரம்பத் தொடங்கும், ஆனால் சீக்கிரமே நின்றுவிடும். வேகத்தில் கிடைத்த லாபம் நாள் குறைவதில் போய்விடும்.

2. மாவுச்சத்தைக் கட்டும் நொதிகள் மந்தமாகும். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி வளரும் மணிக்குள்ளேயே தலைதூக்கும். ஒரு பக்கம் கட்டிக்கொண்டே மறுபக்கம் இடிப்பது போல. துகள்கள் இடைவெளியோடு நிற்க, வெள்ளைத் திட்டு விழும்.

3. இரவும் சூடாக இருந்தால் பகலில் சேர்த்ததைச் செடி இரவில் மூச்சு விட்டே செலவழித்துவிடும். லாஸ் பானோஸில் பல ஆண்டு வயல் கணக்கை வைத்து 2004இல் வெளியான ஆய்வு, நெல் வளரும் பருவத்தின் இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பத்தைக் கவனிக்கும் பழக்கம் ஆய்வாளர்களிடம் வலுத்தது அதற்குப் பிறகுதான்.

4. சில ரகங்களில் அமைலோஸும் குறையும். ஜப்பானிய ரகங்களில் உள்ள மரபணு வடிவம் வெப்பத்துக்கு ரொம்பவே வளைந்துகொடுக்கும். சூடான ஆண்டில் அதே அரிசி இன்னும் ஒட்டும். அமைலோஸ் மிகுந்த இந்திய ரகங்களில் இருக்கும் வடிவம் அவ்வளவு அசைவதில்லை. ஆக நம் ஊரில் பருவம் மாறும்போது முதலில் அடிபடுவது சாதத்தின் ஒட்டும் தன்மை அல்ல. மணியின் தெளிவும் உடையாத தன்மையும்தான்.

நான்காவதில் சொன்ன ஜப்பானிய, இந்திய ரக வேறுபாட்டைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இணையத்தில் பரவும் நெல் தரக் குறிப்புகளில் பலவும் ஜப்பானிய ஆய்வுகளின் எண்களை அப்படியே எடுத்து இங்கே ஒட்டுகின்றன. பூத்த பின் இருபது நாளின் சராசரி வெப்பம் 26, 27 டிகிரியைத் தாண்டினால் வெள்ளைத் திட்டு கூடும் என்பது அங்கே பொருந்தும் கணக்கு. நம் ரகங்களுக்கு அதுவே எல்லை என்றால், தமிழ்நாட்டில் ஒரு பருவத்திலும் நல்ல அரிசி விளைந்திருக்காது.

குறுவையும் சம்பாவும்

இப்போது டெல்டாவுக்கு வருவோம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும். அந்தத் தண்ணீரில் நடும் குறுவை 105 முதல் 120 நாள் பயிர். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பூத்து, நிரம்பி, வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போது அறுவடைக்கு வரும். அந்த நாள்களில் பகல் 34, 35 டிகிரியைத் தொடும், இரவு 25 அளவில் நிற்கும். சம்பா அப்படியல்ல. ஆகஸ்டில் தொடங்கி, நவம்பர் டிசம்பரில் பூத்து, மழை ஓய்ந்த பனிக்காலத்தில் மணி முற்றி, ஜனவரி பிப்ரவரியில் அறுவடையாகும். பகல் 30ஐ ஒட்டி, இரவு 21, 22.

ஆக, மணி நிரம்பும் காலத்தில் இரண்டு பருவத்துக்கும் நான்கைந்து டிகிரி வித்தியாசம். சம்பா மணி மெதுவாக, நிறைய நாள் எடுத்து நிரம்புகிறது. "சம்பா அரிசி" என்ற சொல்லே சந்தையில் நல்லரிசி என்ற பொருளில் நின்றுவிட்டதற்கு மரபு மட்டும் காரணமல்ல, மார்கழிப் பனியும் காரணம். டிசம்பர், ஜனவரியில் விதைத்து ஏப்ரல், மே வெயிலில் அறுக்கும் நவரைப் பட்டத்தில் நிலைமை குறுவையைவிடக் கடினம்.

பழைய சம்பா ரகங்களில் பலவற்றுக்கு ஒரு கூடுதல் திறமை உண்டு. அவை பகல் பொழுதின் நீளத்தை அளக்கின்றன. பகல் குறுகினால்தான் பூக்கும். ஜூனில் நட்டாலும் சீக்கிரம் பூக்காது, இழுத்துக்கொண்டே போகும். விவசாயிக்கு இது தொல்லை மாதிரி தெரியலாம். ஆனால் மழைக்குப் பிந்திப் பூத்து, பனியில் முற்றும்படி அந்தச் செடி தானாகவே நாள் பார்த்துக்கொள்கிறது. குறுகிய காலப் புது ரகங்களில் இந்தக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டோம். எந்த மாதமும் நடலாம் என்ற வசதி கிடைத்தது. எந்த மாதத்து வெயிலிலும் மணி நிரம்பும் நிலையும் கூடவே வந்தது.

இதனால் குறுவை மட்டம் என்று ஆகிவிடாது. குறுவையில் பரவலாக நடும் ஆடுதுறை 37, அம்பை 16 போன்றவை குண்டு ரகங்கள். இட்லிக்கும் புழுங்கலுக்கும் போகிறவை. மணி தடித்திருப்பதால் வெள்ளை வயிறு விழ வாய்ப்பு அதிகம். ஆனால் அவற்றின் பயன்பாட்டில் அது பெரிய குறையே அல்ல. ஆடுதுறை 43 போன்ற சன்ன ரகத்தைக் குறுவையில் நட்டுப் பச்சரிசிக்கு அரைத்தால்தான் பருவத்தின் குறை பளிச்சென்று தெரியும்.

ஜப்பானில் 2023இல் நடந்தது

ஒரே ரகம், ஒரே ஊர், வானிலை மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். நீகாட்டா மாகாணம் கோஷிஹிகாரி அரிசிக்குப் பேர் போனது. ஜப்பானில் அரிசியை அரசு அங்கீகாரம் பெற்ற பரிசோதகர்கள் தரம் பிரிக்கிறார்கள். குறையில்லாத மணி 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் முதல் தரம். 2023 கோடையில் நீகாட்டாவில் மழை பெய்யாமல் வெயில் கொளுத்தியது. வழக்கமாகப் பெரும்பகுதி முதல் தரத்தில் தேறும் கோஷிஹிகாரியில், அந்த ஆண்டு முதல் தரம் 5 சதவீதத்தை ஒட்டியே வந்தது.

பக்கத்து வயல்களில் அதே கோடையில் ஷின்னோசுகே என்ற ரகம் நின்றது. வெப்பத்தைத் தாங்கும்படியும், கொஞ்சம் தாமதமாகப் பூக்கும்படியும் அதே மாகாணம் உருவாக்கியது அது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் முதல் தரம். அதாவது வானிலை கெடுத்ததை ரகம் ஓரளவு தடுக்க முடியும். வெப்பத்தைப் பொறுப்பது ஒரு வழி, பூக்கும் நாளை நகர்த்தி அதிலிருந்து தப்புவது இன்னொரு வழி.

உரம், தண்ணீர், சாய்ந்த பயிர்

இவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பூக்கும் சமயத்தில் போடும் தழைச்சத்து மணியின் புரதத்தை ஏற்றும். புரதம் கூடிய மணி கெட்டியாகவும் தெளிவாகவும் இருக்கும், ஆலையில் குறைவாக உடையும். ஆனால் சாதம் கொஞ்சம் கடினமாகும். ஜப்பானியர் இதனாலேயே கடைசி உரத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். நமக்கு இது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. அளவு மீறிப் போட்டால் பயிர் சாயும், அதுதான் நம் பிரச்சினை.

சாய்ந்த கதிர் ஈரத்தில் கிடந்தால் மணி நிரம்பாமல் நிற்கும், நிறம் மாறும், முளைக்கும். முற்றிய மணி உடனே முளைக்காமல் சில வாரம் உறங்கும் குணம் சில ரகங்களில் உண்டு. குறுகிய கால ரகங்கள் சிலவற்றில் அந்த உறக்கம் குறைவு. குறுவை அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே முளைவிட்ட நெல்லின் படங்கள் செய்தியில் வருவது இப்படித்தான். தண்ணீரை அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு வடிப்பது முறை. ரொம்ப முன்னாலேயே வடித்துவிட்டால் கதிரின் அடி மணிகள் பாதியில் நின்று கருக்காயாகும்.

17 சதவீதம் எங்கிருந்து வந்தது

மத்திய அரசின் தரக்குறிப்பின்படி கொள்முதல் நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த எண்ணைச் சுற்றித்தான் ஆண்டுதோறும் சண்டை. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு இதை 19 வரை தளர்த்தினார்கள். எண்ணுக்குப் பின்னால் இருப்பது இது.

1. நெல்லுக்கு உயிர் உண்டு. ஈரம் அதிகமானால் அது மூச்சு விடும், குவியலுக்குள் சூடு ஏறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பேறும். மாதக்கணக்கில் சேமிக்க 14 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டும். 17 என்பது அதற்கு முந்திய ஒரு சமரசப் புள்ளி.

2. எடைக் கணக்கு. 22 சதவீத ஈரத்தில் 100 கிலோ நெல் என்றால் உள்ளே இருக்கும் காய்ந்த பொருள் 78 கிலோ. அதை 17க்குக் காய வைத்தால் 94 கிலோ நிற்கும். 6 கிலோ தண்ணீர். வரம்பைத் தளர்த்தினால் அந்தத் தண்ணீருக்கு யாராவது காசு கொடுத்தாக வேண்டும். காய வைக்கச் சொன்னால் மழையில் காய வைக்கும் செலவை விவசாயி தாங்க வேண்டும்.

3. அரைவைக்கு ஏற்ற அறுவடை ஈரம் இதைவிட அதிகம். முழு அரிசி அதிகம் கிடைப்பது 20 முதல் 24 சதவீத ஈரத்தில் அறுத்து, நிதானமாகக் காய வைத்த நெல்லில். வயலிலேயே 15க்குக் கீழே காய்ந்துவிட்ட மணி, இரவுப் பனியிலோ மழையிலோ மறுபடி ஈரத்தை இழுக்கும்போது உள்ளுக்குள் விரிசல் விடுகிறது. வெளியே எதுவும் தெரியாது. ஆலையில் தீட்டும்போது இரண்டாக உடையும்.

மூன்றாவது விஷயம் செய்திகளில் அதிகம் பேசப்படுவதில்லை. 17ஐ எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் நெல்லைத் தார்ச் சாலையில் மெல்லியதாகப் பரப்பி உச்சி வெயிலில் காய வைக்கிறார்கள். மாலையில் தூறல் வந்தால் நனைகிறது, மறுநாள் மறுபடி காய்கிறது. ஈரமானியில் எண் சரியாக வந்துவிடும். மணிக்குள் விரிசல் ஏறியிருக்கும். ஈரத்தைக் காரணம் காட்டி நெல்லை நாள்கணக்கில் நிறுத்திவைப்பது, எந்தத் தரத்துக்காக அந்த வரம்பு வைக்கப்பட்டதோ அதையே கெடுக்கிறது என்பதுதான் இதில் கசப்பான பகுதி. உலர்த்தும் இயந்திரம் வேலை செய்யும் முறை வேறு: வெப்பத்தை அளந்து, இடையிடையே ஓய்வு கொடுத்து, ஈரத்தை மெதுவாக இறக்குவது. வரம்பு 17ஆ 19ஆ என்பதைவிட கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த இயந்திரம் இருக்கிறதா என்பதே அரிசியின் தலையெழுத்தை அதிகம் மாற்றும்.

புழுங்கல் செய்யும் மாயம், காலம் செய்யும் மாற்றம்

நெல்லை ஊறவைத்து அவித்துக் காய வைக்கும்போது மணிக்குள் மாவுச்சத்து இளகி மறுபடி கெட்டியாகிறது. துகள்களுக்கு நடுவே இருந்த இடைவெளி அடைபடுகிறது. விரிசல் ஒட்டுகிறது. வெள்ளை வயிறு மறைந்துவிடுகிறது. அவித்த அரிசியில் இன்னும் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அவிப்பு உள்வரை போகவில்லை என்று பொருள். தவிட்டுப் பக்கம் இருந்த பி1 வைட்டமினில் ஒரு பங்கும் உள்ளே இறங்குகிறது. அரசுத் தரக்குறிப்பிலேயே இந்த வித்தியாசம் தெரியும். அரைவையில் 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ. உடைந்த அரிசி பச்சையில் 25 சதவீதம் வரை, புழுங்கலில் 16 வரை.

வெயில் பருவத்துக் குண்டு நெல்லுக்குப் புழுங்கல் எவ்வளவு பொருத்தம் என்பது இங்கே புரியும். வானிலை மணிக்குள் விட்ட ஓட்டையை நீராவி அடைத்துவிடுகிறது. புழுங்கலரிசிச் சோற்றுப் பழக்கம் உள்ள ஊர், குறுவையின் குறையை அவ்வளவாக உணராமல் தப்பிவிடும். பச்சரிசிக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்தது வயது. அறுவடையான புதிதில் அரிசி குழையும், கஞ்சி கெட்டியாகப் பிரியும். சில மாதம் போனால் அதே அரிசி அதிகத் தண்ணீர் கேட்கும், பெருகும், உதிரும். அமைலோஸ் அளவு மாறுவதில்லை. மணியின் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, மாவுச்சத்துத் துகள்களைச் சுற்றி இறுக்கமான வலையாகிவிடுகின்றன. பழைய அரிசிக்குக் கூடுதல் விலை சொல்வதில் நியாயம் இருக்கிறது. மணமுள்ள அரிசியில் மட்டும் கணக்கு வேறு. மணம் ஆவியாகும் பொருள் என்பதால், பழசானால் உதிரும், வாசம் குறையும்.

அப்படியென்றால் அந்த மூட்டை ஏன் குழைந்தது? சந்தேகப்பட வேண்டிய வரிசை இது:

1. புது அரிசியாக இருக்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் வாங்கியது என்றால் இதுவே முதல் சந்தேகம்.

2. நொய் அதிகம் இருக்கலாம். உடைந்த மணி முழு மணிக்கு முன்பே வெந்து கரைந்து, மற்றதையும் ஒட்டவைக்கும்.

3. வேறு ரகமாக, அல்லது இரண்டு ரகத்தின் கலவையாக இருக்கலாம். இளகும் வெப்பநிலை வேறுபடும் இரண்டு ரகம் ஒரே பானையில் ஒருபோதும் ஒன்றாக வேகாது.

4. அதே ரகம், வேறு பருவம். மேலே சொன்ன எல்லாமும்.

விலை எதைப் பார்க்கிறது

கொள்முதலில் நெல்லைச் சன்னம், பொது என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். நீளத்தை அகலத்தால் வகுத்து 2.5 அல்லது அதற்கு மேல் வந்தால் சன்னம், குறைந்தால் பொது. 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டு அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து குவிண்டாலுக்குச் சன்னத்துக்கு 2545 ரூபாய், பொதுவுக்கு 2500 ரூபாய். வித்தியாசம் 45 ரூபாய். மத்திய அரசின் ஆதரவு விலையில் மட்டும் பார்த்தால் 2389க்கும் 2369க்கும் வெறும் 20 ரூபாய்.

பிறகு ஈரம் பார்க்கிறார்கள். பதர், கருக்காய், நிறம் மாறியது, முளைத்தது பார்க்கிறார்கள். தீட்டினால் எவ்வளவு முழு அரிசி தேறும் என்பதைப் பார்ப்பதில்லை. வெள்ளை வயிற்றையும் பார்ப்பதில்லை. பனிக்காலத்தில் நிதானமாக முற்றிய பி.பி.டி. நெல்லும், வெயிலில் அவசரமாக நிரம்பித் தார்ச் சாலையில் விரிசல் விட்ட ஆடுதுறை 43 நெல்லும் இந்தத் தராசில் ஒரே சன்னம், ஒரே விலை. குண்டு நெல் கூடுதலாக நாலு மூட்டை விளையும் என்றால், 45 ரூபாய்க்காகச் சன்னத்தைத் தேடிப் போவதற்கு விவசாயிக்குக் காரணம் இல்லை. நல்ல நெல் வைத்திருப்பவர் கொள்முதல் நிலையத்துக்குப் போகாமல் தனியார் வியாபாரியைத் தேடுவதும் இதனால்தான்.

சின்ன மாதிரி ஆலையில் கைப்பிடி நெல்லை உமி நீக்கித் தீட்டி, முழு அரிசியையும் நொய்யையும் பிரித்து எடை போடுவது அரிசி ஆலைகளிலும் ஆய்வு நிலையங்களிலும் வழக்கமான வேலைதான். ஆலைக்கு அந்த எண் கிடைக்கும் நேரத்தில் நெல்லுக்கான பணம் எப்போதோ கைமாறியிருக்கும், பத்து ஊர் நெல்லும் ஒரே குவியலாகக் கலந்திருக்கும்.